இரவெல்லாம் இருமும் மூன்றரை வயது மகன்: இனி எந்த வழியில் போவது?

கேள்வி: தறிவீட்டுத் தாய், பள்ளிபாளையம்

என் மகனுக்கு மூன்றரை வயது. ஆடி பிறந்து காற்று வீசத் தொடங்கியபோது சளி பிடித்தது. மூக்கொழுகல் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது, காய்ச்சலும் இரண்டு நாளுக்குமேல் இல்லை. இருமல் மட்டும் விடவே இல்லை. இப்போது ஆவணி பாதி கடந்துவிட்டது.

பகலில் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கன்வாடிக்குப் போகிறான், வாசலில் ஓடுகிறான். ஓட்டம் கூடினால் மட்டும் நின்று இருமுகிறான். நடுநிசிக்குப் பிறகுதான் கொடுமை. விடியற்காலை மூன்று நான்கு மணிவாக்கில் இருமி இருமி, குடித்த பாலோடு கோழையையும் வாந்தி எடுத்த பிறகுதான் கண் மூடுகிறான். முதுகில் கை வைத்தால் கர்கர் என்று உள்ளங்கைக்குத் தெரிகிறது. சில இரவுகளில் மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் வருகிறது.

வீட்டை ஒட்டியே எங்கள் தறிப்பட்டறை. நடுவில் ஒரே ஒரு சுவர்தான். தறி ஓடினால் பஞ்சு பறந்து சமையலறை வரை வரும். ஆடிப்பெருக்குக்குத் தறியை நிறுத்திவிட்டுச் சங்ககிரியில் அவனுடைய அமுச்சி (என் அம்மா) வீட்டில் சில நாட்கள் இருந்தோம். அங்கே நன்றாகத் தூங்கினான். குணமாகிவிட்டது என்று நம்பித் திரும்பி வந்தோம், மறுபடியும் அதே கதை.

மருந்துக்கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கினோம். ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். பிறகு இன்னொருவரிடம் போனோம், அவர் வேறு ஆன்டிபயாடிக் எழுதினார். நெபுலைசர் வைத்தால் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் பழையபடி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

அத்தை பாசத்தோடுதான் செய்கிறார், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் சாம்பிராணி போடுகிறார். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிறார். தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுக்கிறவர் ஒருவர் பவானிப் பக்கம் இருக்கிறாராம், அடுத்த வாரம் அங்கே போக வேண்டும் என்கிறார். வாழைப்பழம், தயிர் இரண்டையும் நிறுத்திவிட்டார். பிள்ளை ஏற்கெனவே ஒல்லி.

இது காசநோயாக இருக்குமா? சிரப்பை மாற்றிப் பார்க்கலாமா? என் அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. அதுவும் இவனுக்கு வந்துவிடுமோ என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில்: இரு பிள்ளைகளின் தாய், தஞ்சாவூர்

தங்கை, என் மூத்தவனுக்கும் இதே வயதில் இப்படித்தான் இருந்தது. கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறெடுத்து, தேன் கலந்து இரவில் கொடுப்பேன். தூதுவளை ரசம் வாரம் தவறாமல் உண்டு. தேன் கொடுத்த இரவுகளில் இருமல் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். இப்போது எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் இருமல் வந்திருக்கிறது, அவளுக்கும் அதையே தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைக் கெடுக்காதீர்கள்.


பதில்: ஓய்வுபெற்ற கிராம செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்

முதலில் தஞ்சாவூர்த் தாய்க்கு ஒரு வார்த்தை. எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்பார்கள். குழந்தை துவண்டுபோகும், மூச்சே நின்றுபோகக்கூடும். ஒரு வயது முடிந்த பிறகு பயமில்லை. மூன்றரை வயதுப் பையனுக்குப் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டி தேன் நல்லதுதான். கைக்குழந்தைக்கு மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்தும், அடிக்கடி தாய்ப்பாலும் போதும். இருமலோடு அவள் பால் குடிக்கத் திணறினால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இனி பள்ளிபாளையத்து மகளுக்கு. துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல, ஆகவே இதுதான் நோய் என்று இங்கிருந்து சொல்லமாட்டேன். ஆனால் சளி பிடித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் போய் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். தாய்மார்கள் இருமல் சத்தத்தைக் கேட்டுப் பதறுகிறார்கள், மூச்சைப் பார்ப்பதில்லை. பெருஞ்சத்தமாக இருமுகிற பிள்ளை அநேகமாகத் தப்பிவிடும். சத்தமே இல்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு மடியில் சுருண்டு கிடக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் நாங்கள் ஓடுவோம்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். அவன் அமைதியாகத் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, சிறுபிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்குமேல் இருந்தால் அது வேகமூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50, இரண்டு மாதத்துக்கும் குறைந்த சிசுவுக்கு 60. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. நிமோனியாவை ஊரிலேயே கண்டுபிடிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதைத்தான்.

எண்ணும்போதே விலாவின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த இடம் குழிந்து உள்ளே போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூக்கு விடைப்பது, முனகுவது, உதடு நீலம் பூப்பது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடப்பது, வலிப்பு வருவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால், அவசரம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு மற்றதை யோசிக்கலாம். சாதாரணச் சளியின் இருமலே இரண்டு மூன்று வாரம் இழுக்கும். அதற்குள் மருத்துவரை மாற்றி மாற்றிப் போவதால் பயன் இல்லை. ஆனால் நான்கு வாரத்தைத் தாண்டினால் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். உங்கள் மகன் தாண்டிவிட்டான்.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப்போன ஒன்று என் கண்ணில் பட்டது. அமுச்சி வீட்டில் அவன் நன்றாகத் தூங்கினான். தறி ஓடாத இடம், பஞ்சு இல்லை. அதோடு விடியற்காலை இருமல், ஓடினால் இருமல், மூச்சு விடும்போது விசில், நெபுலைசருக்கு அடங்குவது, பெரியம்மாவுக்கு இளைப்பு. இவை அத்தனையும் இளைப்பு என்ற ஒரே திசையைக் காட்டுகின்றன. மருத்துவரிடம் போகும்போது இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் அவசரமாகப் பார்க்கும்போது “இருமல் நிற்கவில்லை” என்று மட்டும் சொன்னால் இன்னொரு ஆன்டிபயாடிக்தான் கிடைக்கும். விசில் வரும் நேரத்தில் கைபேசியில் நெஞ்சை வீடியோ எடுத்துவையுங்கள். பகலில் பிள்ளை நன்றாக இருப்பான், மருத்துவர் காதுக்கு எதுவும் கேட்காது.

ஆன்டிபயாடிக் எப்போதுமே தப்பு என்பதையும் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரவு பகல் பார்க்காமல் ஈரமான இருமல் நான்கு வாரத்துக்குமேல் தொடர்ந்தால், மூச்சுக்குழாயில் கிருமி தங்கியிருக்கலாம். அதற்கு இரண்டு வாரம் முழுதாகக் கொடுக்க வேண்டிவரும். அதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. கோழை பச்சையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கேட்டு வாங்குவதுதான் தப்பு.

காசநோய் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பது சரியே. எடை குறைகிறதா, மாலைக் காய்ச்சல் உண்டா, வீட்டிலோ பட்டறையிலோ நெடுநாளாக இருமுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். தறிக்கு வருகிற ஆட்களையும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் காசநோய் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் வரும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சிரப்பை மாற்றலாமா என்றீர்கள். மாற்ற வேண்டாம், நிறுத்துங்கள். மருந்துக்கடையில் வாங்கும் இருமல் சிரப்புகள் இந்த வயதில் இருமலைக் குறைப்பதில்லை. தூக்கத்தைத்தான் கூட்டும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா பகுதியில் இருமல் சிரப் குடித்த சின்னஞ்சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து வரிசையாக இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நச்சு அது. தமிழ்நாட்டில் உடனே தடை போட்டார்கள். அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் அறிவுறுத்தியது. எல்லா சிரப்பும் விஷம் என்று சொல்லவில்லை. பயன் இல்லாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

பவானிக்கு மட்டும் போகாதீர்கள். விரல் விட்டு எடுப்பது தொண்டையில் இருக்கிற எச்சிலும் கோழையும்தான், மார்ச்சளிக்கு அந்த விரல் எட்டாது. தொண்டை கிழியும், கையின் கிருமி உள்ளே போகும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தங்கிவிட்டால் அதுவே ஒரு நிமோனியா. கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே பிள்ளைகளுக்கு வலிப்பு வரக்கூடும், ஆகவே அந்தக் கிண்ணமே வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், பீடிப் புகை மூன்றும் இவன் மூச்சுக்குழாயைச் சுருக்கும். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

வாழைப்பழமும் தயிரும் சளியை உண்டாக்குவதில்லை. பகலில் கொடுங்கள், பிள்ளைக்குச் சதை பிடிக்கட்டும். இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னதாகக் கொடுத்து, படுக்கும்முன் பால் கொடுப்பதை விட்டுவிட்டால் வாந்தி குறையும். இந்த வயதில் கோழையைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். வாந்தியில் அது வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அத்தையோடு சண்டை போடாதீர்கள். அவர் பேரனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடிக்கிறார். மூச்சு எண்ணுகிற வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். தூதுவளை ரசம் அவர் கையால் வைக்கட்டும், சூடு ஆறிக் குடித்தால் தொண்டைக்கு இதம்தான். நான் போன ஊர்களில் மருமகள் பேச்சை மீறுகிற பெரியவர்கள்கூட, பொறுப்பைக் கையில் கொடுத்தால் எங்களைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள்.


பதில்: நிலக்கடலைக்காரர் மகன், திண்டிவனம்

சகோதரி, செவிலியர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இருமல் தொடங்கிய நாளில் அவன் எதையாவது தின்றுகொண்டிருந்தபோது புரையேறியதா என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் கடலை உரிக்கும் காலத்தில் மகளுக்கு இரண்டு வயது. வறுத்த கடலை வாயில் இருக்கும்போது சிரித்தாள், புரையேறியது, முகம் சிவந்தது. முதுகில் தட்டினோம், சரியாகிவிட்டது. அதை எல்லோரும் மறந்துவிட்டோம். பிறகு இருமல் வந்தது. நிமோனியா என்று மருந்து கொடுத்தார்கள், குறைந்தது, திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் வலது பக்கம்தான். நிலக்கடலை எக்ஸ்ரேயில் தெரியாதாம், அதனால் படம் பார்த்தவர்களுக்கும் பிடிபடவில்லை. கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவர், “புரையேறியதுண்டா?” என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். என் மனைவி அழுதுவிட்டாள். மயக்க மருந்து கொடுத்து, குழாய் செலுத்தி, அரைக் கடலையை எடுத்தார்கள். அன்றோடு இருமல் போயிற்று.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் முழுக்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை எதையும் கொடுக்காதீர்கள். கடலை விளைகிற ஊரில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.


கேட்டவர்: தறிவீட்டுத் தாய், பள்ளிபாளையம்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, எண்ணினோம். தூக்கத்தில் 28, மறுநாள் 30. விலா குழியவில்லை. அத்தை இப்போது இரவில் தானாகவே எழுந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பவானிப் பேச்சு நின்றுவிட்டது. புரையேறிய நினைவு யாருக்கும் இல்லை.

தாளில் எழுதிக்கொண்டு ஈரோட்டில் குழந்தை மருத்துவரிடம் போனோம். வீடியோவைப் பார்த்தார், முதுகில் நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், எடை வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தார். வீட்டில் காசநோயாளி யாரும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆஸ்துமா போலத் தெரிகிறது என்றும், மருந்துக்குக் கேட்கிறதா என்று பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார். முகமூடி வைத்த ஸ்பேசரோடு (இன்ஹேலரைச் செருகுகிற பிளாஸ்டிக் குழல்) இரண்டு இன்ஹேலர் எழுதியிருக்கிறார். ஒன்று தினமும், இன்னொன்று இளைப்பு வந்தால் மட்டும்.

என் கணவர் தயங்குகிறார். இன்ஹேலர் பழகிவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க விட முடியாது என்று பட்டறையில் எல்லோரும் சொல்கிறார்களாம். அதே மருந்து சிரப்பாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


பதில்: ஓய்வுபெற்ற கிராம செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்

28, 30 நல்ல எண்ணிக்கை. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் கணக்கைச் சொல்லுங்கள். இளைப்பு வரும்போது கொடுக்கிற சால்பியூட்டமால் மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். அதுவே சிரப் என்றால் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். அந்த 5 மில்லி சிரப் இருபது அழுத்தலுக்குச் சமம். சிரப் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் மருந்து வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது, தறியில் அறுந்த இழையை அந்த இடத்திலேயே முடிவதுபோல. போதைப் பொருள்போல இது பழகாது. பல பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் இளைப்பு தானாகவே குறைந்துவிடும், அப்போது மருத்துவரே மருந்தைக் குறைப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தினசரி மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே இருமல் நிற்கவில்லை என்று கைவிட்டுவிட வேண்டாம்.

மருந்தைவிட முறைதான் முக்கியம், ஆகவே அதையும் எழுதுகிறேன். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு முறை அழுத்திவிட்டு, அவன் சாதாரணமாக ஆறேழு மூச்சு விடும்வரை பிடித்திருங்கள். இரண்டாவது அழுத்தல் தேவையென்றால் மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து நிறைய ஸ்பேசரின் உட்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிள்ளை அழுதால் மருந்து உள்ளே சரியாக இறங்காது, சமாதானப்படுத்திய பிறகு கொடுங்கள். தினசரி இன்ஹேலர் ஸ்டீராய்டு வகையாகத்தான் இருக்கும். அதைக் கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்து முகத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். அளவு மிகக் குறைவு, ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுக் கலங்க வேண்டாம்.

ஸ்பேசரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக வாங்கியதையும் ஒருமுறை இப்படி அலசிவிட்டே தொடங்குங்கள். உலர வைக்கிற இடம் தறிப்பக்கமாக இருக்க வேண்டாம், பஞ்சு புகுந்துவிடும்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவோ சன்னலோ இருந்தால் அதை அடைத்துவிடச் சொல்லுங்கள். அவன் படுக்கிற அறை தறிச் சுவரை ஒட்டியிருந்தால் அறையை மாற்றுங்கள். கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். கணவர் பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்கட்டும். மருத்துவர் சொன்ன நாளில் மறுபடி போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், அவர் முன்னாலேயே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.